இரண்டு மாத்திரைகளும் ஒரு கண்டக்டரும்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான், உன் அத்தான், குட்டி மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதமே, அதனால் அதைக் கடைசியில் கேட்கிறேன்.

முதலில் திட்டு. போன் மணி அடித்தால் எடுக்கவே கை வரவில்லை என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஒரு மாதமாக ஆளையே காணோம். கடிதமாக எழுதினால் பதில் எழுதுவேன் என்றாய். சரி, எழுதுகிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது உன் அத்தானுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். அப்போதும் எனக்கு நான்கு வரிக்கு மேல் பதில் வந்ததில்லை. என் தலையெழுத்து அப்படி.

உன் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். சின்னப் பெண் போலிருக்கிறது, குரல் நன்றாக இருந்தது. உன் மனச்சோர்வுக்கு இதுவரை கொடுத்த மாத்திரை பாதி வேலைதான் செய்ததாம். இப்போது அதோடு புதிதாக ஒரு கேப்ஸ்யூலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். இரண்டும் தனித்தனியே சாதிக்காததைச் சேர்ந்து சாதிக்கும் என்று நினைக்கிறார்களாம். கடையில் கிடைக்காத மருந்து, காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். ஆனால் சிலருக்கு உள்ளே வெறும் மாவு அடைத்த கேப்ஸ்யூல்தான், யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றாள். நான் இதை உன் அத்தானிடம் சொன்னேன். "என் டிரைவிங் ஸ்கூல்ல பாதிப் பேருக்கு பிரேக் இருக்கிற கார், பாதிப் பேருக்கு இல்லாத கார், யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுன்னு சொன்னா என்னைப் பிடிச்சு உள்ள போட மாட்டாங்களா?" என்கிறார். விடு, அவருக்கு உலகமே பிரேக்தான். சாப்பிடும்போதுகூட மேஜைக்கு அடியில் வலது காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உனக்கு ஒரு துணையாள் வேண்டுமாம். உன்னோடு தொடர்பில் இருக்கும் சொந்தக்காரர். என் பெயரைக் கொடுத்திருக்கிறாய். வேறு யார் பெயரைக் கொடுப்பாய், அம்மா போன நாளிலிருந்து நான்தானே? வியாழக்கிழமைதோறும் அவள் எனக்குப் போன் செய்து உன்னைப் பற்றிக் கேட்பாள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, சிரிக்கிறானா என்று. ரயிலில் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் தள்ளி இருக்கிற நான் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? உன் கடிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே எழுது.

ஜூன் வரைக்கும்தான் உன் இடத்தைக் காலியாக வைத்திருப்போம் என்று லிஃப்ட் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள் அல்லவா? அதற்குள் வேலைக்குத் தகுதி என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அதையே நினைத்துக்கொண்டு உட்காராதே. ஆனால் மறந்தும் போகாதே.

இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மேஜையில் சில நாள் கிடந்தது. இன்றுதான் பிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

காலையில் வெள்ளை மாத்திரை ஒன்று, அதோடு பழுப்புக் கேப்ஸ்யூல் ஒன்று. வாய் வறண்டுபோகிறது. பகலெல்லாம் தூக்கமாக வருகிறது, ராத்திரி வருவதில்லை. பலன் தெரிய வாரக்கணக்காகும் என்றார் டாக்டர். இதுவரை ஒன்றும் தெரியவில்லை.

ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்ப்பவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூன்று மாடி இறங்க வேண்டும். அதனால் இறங்குவதில்லை. எதிர்க் கடைக்காரர் ரொட்டியும் பாலும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பினேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலுறையைப் போட்டேன். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சுவரில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போய்விட்டது. சோகம் என்று சொல்ல முடியாது. அழுகையும் வரவில்லை. மற்ற காலுறையைப் போடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. குளித்துப் பல நாளாகிறது.

நீ கேட்டதால் உள்ளதை எழுதினேன்.

தம்பி


பிப்ரவரி 20

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், நான் பொலபொலவென்று அழுகிறேன். அந்த மனிதர் பயந்துபோய், "என் கண்ணு அவ்வளவு மோசமாம்மா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் அந்தக் காலுறைதான் கண் முன்னால் நிற்கிறது. சின்ன வயதில் உனக்கு இரண்டு காலுக்கும் நான்தான் போட்டுவிடுவேன், நீ பாட்டுக்கு ஊரெல்லாம் பேசிக்கொண்டிருப்பாய். உன் அத்தான், கடிதத்தை இனிமேல் நான் படித்துவிட்டு உனக்குத் தருகிறேன் என்கிறார். எனக்கு இரத்த அழுத்தம் வேறு ஏறிவிட்டதாம்.

வியாழக்கிழமை அந்த நர்ஸ் பேசினாள். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கக்கா, நல்லது கெட்டது எதுவானாலும்" என்றாள். சொல்வேனா நான்? உன்னை விட்டுக்கொடுப்பேனா? கொஞ்சம் பரவாயில்லை, வெளியே போக ஆரம்பித்திருக்கிறான், சாப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டேன். பின்னே என்ன? மருந்து வேலை செய்யாத ஆளை எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பார்கள்? மார்க் வாங்காத பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டால், கடையிலும் கிடைக்காத மருந்துக்கு நாம் எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் உன் மார்க்குத் தாளில் அப்பாவுக்குப் பதில் கையெழுத்துப் போட்டவள் நான். இது எனக்குப் புதிதா?

தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நல்லதாக ஒன்றாவது எழுதக்கூடாதா? ஒரே ஒரு நல்ல விஷயம். அது இருந்தால் எனக்கும் சாப்பாடு இறங்கும், அவளிடமும் வாய் கூசாமல் சொல்வேன்.

உன் அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடி நல்லதாகவே எழுதுகிறேன்.

கீழ் வீட்டில் ஒரு கிழவர் குடிவந்திருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் ஒரு நாள் பார்த்தார், "தம்பி, நடக்கப் போறேன், வர்றியா?" என்றார். மாட்டேன் என்று சொல்வதற்குள் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் பூங்கா வரைக்கும் போய் வருகிறோம். அவர் வாய்க்கும் கைக்கும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. ரொட்டிக் கடையில் நாலு பேர் நின்றால் போதும், "முன்னாடி இடம் இருக்கு, உள்ள போங்க, உள்ள போங்க" என்கிறார். ஜனங்களும் என்ன ஏது என்று தெரியாமல் நகர்கிறார்கள். நேற்று ஒருவர் நகர்ந்து நகர்ந்து கடைக்குள்ளேயே போய்விட்டார், முதலாளி வெளியே துரத்தினார்.

பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்ததும் விசில் அடிப்பார். இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். நான் சிரித்தேன்.

அறையைக் கூட்டினேன். பசிக்கிறது. தூக்கம் பரவாயில்லை.

நீ சாப்பிடு.

தம்பி


மார்ச் 16

என் தங்கத் தம்பிக்கு,

நூறு வயசு இரு! உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே, மடிப்பிலேயே கிழிய ஆரம்பித்துவிட்டது. குட்டி வீட்டுக்குள் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டு திரிகிறாள். உன் அத்தான் கண்டக்டர் கதையைக் கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். ஓர் அம்மாள் சிரித்துச் சிரித்துக் காரை நடைபாதையில் ஏற்றிவிட்டாளாம்.

வியாழக்கிழமை நர்ஸிடம் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். "நல்ல முன்னேற்றம்க்கா" என்றாள். தூக்கம் பரவாயில்லை என்று நீ எழுதியதை நான் நல்ல தூக்கம் என்று வாசித்தேன். ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது?

எனக்கும் இப்போது நன்றாகச் சாப்பாடு இறங்குகிறது. இரத்த அழுத்தமும் இறங்கிவிட்டது. எல்லாம் உன் கண்டக்டர் புண்ணியம்.

கடையில் இந்த வாரம் ஒரு கூத்து. போன மாதம் கண் சோதனைக்கு வந்த ஒரு பெரியவர், நான் எந்த லென்ஸைப் போட்டாலும் "ஆங், தெளிவா தெரியுதும்மா" என்றார். அந்த நம்பருக்கே கண்ணாடி செய்து கொடுத்தேன். இப்போது நெற்றியில் வீக்கத்தோடு வந்து நிற்கிறார், கதவென்று நினைத்துச் சுவரில் மோதிக்கொண்டாராம். "ஏங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லக் கூடாதா?" என்றேன். "நீ அவ்வளவு ஆசையா கேட்ட, இல்லைன்னு சொல்ல மனசு வரலைம்மா" என்கிறார். இப்படியும் மனிதர்கள்! தலையில் அடித்துக்கொண்டு மறுபடி சோதித்தேன்.

கண்டக்டரைப் பற்றி இன்னும் எழுது. அவருக்குக் குடும்பம் உண்டா? உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாரா?

உன் அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டக்டருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி இருக்கிறாள், காது கேட்காது. அவர் கத்திப் பேசுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். கூப்பிட்டார், சாப்பிட்டேன்.

எட்டாவது வாரப் பரிசோதனை முடிந்தது. டாக்டர் நல்ல மனிதர், தாள்களைப் புரட்டிக்கொண்டே முகம் மலர்ந்தார். "உங்க அக்கா ஒவ்வொரு வாரமும் சொல்றதைப் பார்த்தா நல்லா தேறியிருக்கீங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். ஆமாம் என்றேன். நீ சொன்னதும் நான் சொன்னதும் ஒத்துப்போகிறதாம்.

இனி இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். தேறாதவர்களுக்குக் கேப்ஸ்யூலின் அளவை இரண்டு மடங்கு ஆக்குகிறார்கள். தேறியவர்களுக்கு இப்போதுள்ள அளவே தொடரும். எனக்கு அளவைக் கூட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

வேலைக்குத் தகுதி என்று கம்பெனிக்குக் கடிதமும் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை போகிறேன். பழைய கூட்டாளியோடுதான் போட்டிருக்கிறார்கள், அவர் எனக்கு மூத்தவர், தொல்லையில்லாத மனிதர்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

சந்தோஷமா? தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அத்தான் ஒரு காரியம் செய்திருக்கிறார். பழைய சாமான் கடையில் ஒரு கண்டக்டர் விசிலைப் பார்த்தாராம், பித்தளையில். உன் நண்பருக்கென்று வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். குட்டிக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் மூவரும் வருகிறோம், தன் கையாலேயே கொடுப்பாராம். மனிதர் என் பிறந்த நாளுக்கு இப்படித் தேடி ஒரு பொருள் வாங்கியதில்லை.

வேலைக்குப் போகிற அவசரத்தில் மாத்திரையை மறந்துவிடாதே. இரண்டையும் சேர்த்துப் போடு. உன் கடிதங்கள் முன்னை விடச் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. வேலை அதிகமோ?

உன் அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

கண்டக்டர் என்று யாரும் இல்லை. கீழ் வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் பூங்காவுக்குப் போனதில்லை. அத்தானிடம் எப்படிச் சொல்வாயோ, சொல்லிவிடு.

ஒரு நல்ல விஷயம் எழுது என்றாய். தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நீ சாப்பிடாமல் இருக்கிறாயே என்று ஓர் ஆளை உண்டாக்கினேன். எழுதும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது. கடிதத்தை ஒட்டியதும் போய்விடுவார். நீ அதை நர்ஸிடம் வாசித்தாய். நர்ஸ் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் என்னைக் கேட்டபோது, இல்லை என்றால் நீ பொய் சொன்னதாகிவிடுமே என்று ஆமாம் என்றேன். நீ என் எழுத்தை நம்பிச் சொன்னாய், நான் உன் பேச்சைக் காப்பாற்றச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் டாக்டர் மாட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்டை மேல் மாடியில் நிறுத்திவிட்டு நான்காம் மாடிக் கதவுப் பூட்டைக் கழற்றியிருந்தேன். அப்படிக் கழற்றினால் கதவுக்கு முன் தடுப்பு வைக்க வேண்டும். கை அதுவாகவே செய்கிற காரியம், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து செய்கிறேன். வைக்கவில்லை. ஸ்பானர் எடுக்கப் படிக்கட்டுப் பக்கம் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, லிஃப்ட் போய்வரும் வெறும் கிணறு.

ஒரு பெண் கோப்புகள் அடுக்கிய தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தாள். லிஃப்ட் வந்து நிற்கிறது என்று நினைத்திருக்கிறாள். மேல் மாடியிலிருந்து இறங்கி வந்த கூட்டாளி பார்த்துக் கத்தினார், "நில்லும்மா! நில்லு!" அவள் நின்றாள். செருப்பின் குதிகால் விளிம்பில் இருந்தது. திரும்பிப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் நான் எழுந்து ஓடி வந்தேன். கத்தியது நான்தான் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, நீங்க இருந்தீங்கண்ணா" என்றாள்.

கூட்டாளி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மட்டும் பார்த்தார். "வீட்டுக்குப் போ. கையெழுத்து வாங்கிட்டு வந்தா மட்டும் போதாது, ஆளும் வரணும்" என்றார். அன்றிலிருந்து விடுப்பில் இருக்கிறேன். அதனால் பயப்படாதே, நான் இப்போது எந்த லிஃப்டுக்கும் பக்கத்தில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த நர்ஸ் வரவேற்பில் இருந்தாள், என்னைப் பார்த்ததும், "கண்டக்டர் சௌக்கியமா?" என்றாள். சௌக்கியம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை உனக்குப் போன் செய்வாள். நீ சொல்லிவிடு, எல்லாவற்றையும். சொன்னால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள், கேப்ஸ்யூல் போய்விடும், டாக்டர் கடிதத்தைத் திரும்பப் பெறுவார், வேலையும் போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பி,

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் மட்டும் வருகிறேன். கதவைத் தட்டினால் திற.

அக்கா


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உன் அத்தான் நிலையத்துக்கு வந்திருந்தார். வீடு வீடாக இல்லை. மூன்று வாரத்தில் இரண்டு பேர் இத்தனை பாத்திரத்தை எப்படி அழுக்காக்கினார்கள் என்று தெரியவில்லை.

அங்கே உன்னோடு ஒரே அறையில் இத்தனை நாள் இருந்தேன். சமைத்தேன், கூட்டினேன், உன் துணியையெல்லாம் துவைத்தேன், டாக்டர் முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் பேச வேண்டியதைப் பேசவில்லை. நீ சுவரைப் பார்ப்பாய், நான் அடுப்பைப் பார்ப்பேன். ரயில் நகர்ந்த பிறகுதான் வாய் வரைக்கும் வந்தது. எழுத்தில்தான் நமக்கு வரும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நர்ஸிடம் பேசியதை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. அவள் வழக்கம் போல், "எப்படி இருக்கார் உங்க கண்டக்டரோட சிநேகிதர்?" என்று ஆரம்பித்தாள். "கண்டக்டர் இல்லைம்மா. அவன் சிரிக்கலை, தூங்கலை, வெளிய போகலை. அவன் எழுதினது பொய். நான் சொன்னது அதை விடப் பெரிய பொய்" என்றேன். நான் கதவு விஷயத்தையும் சொன்னேன். கடைசியில் கேட்டாள், "ஏன்க்கா?" மார்க் குறைந்தால் அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். அதற்கு அந்தப் பெண் அழுகிற குரலில் சொன்னாள்: "குறைச்சு சொல்லியிருந்தா அளவைக் கூட்டியிருப்போமேக்கா. அதுக்காகத்தானே வாராவாரம் கேட்டேன்."

டாக்டர் உன் எதிரிலேயே சொன்னதுதான், ஆனாலும் அது என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. ஆபத்து நடக்க இருந்ததால், யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தார்களாம், உனக்குக் கொடுத்தது மாவு இல்லை, நிஜ மருந்து. அளவுதான் போதவில்லை. கூட்டியிருந்தால் குணமாகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. "தெரியாதும்மா. தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் இந்தச் சோதனையே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தெரியாது என்ற சொல்லோடு நான் இனி குடித்தனம் நடத்த வேண்டும். நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து உன் வாயை மூடியிருக்கிறேன். என் சாப்பாட்டைக் காட்டி உன்னை மிரட்டியிருக்கிறேன். என் மேல் எனக்கே கோபம். உன் மேலும் கோபம்தான், அதை ஒளிக்கப் போவதில்லை. அந்தப் பெண் விழுந்திருந்தால் என்று நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை.

இப்போது உனக்கு வெள்ளை மாத்திரையின் அளவைக் கூட்டி, வாரத்துக்கு இரண்டு தடவை ஆலோசகர் அம்மாளிடம் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியில் உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று உன் கூட்டாளி சொன்னார். தேறி வந்தால் கேட்டுப் பார்க்கிறேன் என்றார், வாக்குக் கொடுக்கவில்லை. போகட்டும்.

தம்பி, இன்னொன்று. அந்த நர்ஸ் ஒவ்வொரு வாரமும் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள். உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்று உங்கள் தம்பி எப்போதாவது நினைப்பதாகத் தெரிகிறதா என்று. அவள் முடிப்பதற்குள் நான், "சேச்சே, எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது" என்றுவிடுவேன். வாராவாரம். அந்தக் கடைசி வியாழக்கிழமையும் கேட்டாள். அன்று, "தெரியாது. நான் அவனைக் கேட்டதே இல்லை" என்றேன்.

இனி அவள் எனக்குப் போன் செய்ய மாட்டாள், நீ சோதனையில் இல்லை. அதனால் நானே கேட்கிறேன். அப்படி நினைக்கிறாயா? நினைத்தாயா? என்ன வேண்டுமானாலும் எழுது. நான் சாப்பிடுவேன், தூங்குவேன், கடைக்குப் போவேன். அதற்கு நான் பொறுப்பு, நீ இல்லை.

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வந்த அன்றே பிரித்தேன். பதில் எழுதத்தான் இத்தனை நாள்.

முதலில் சின்ன விஷயங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டியதில் கை லேசாக நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். தூக்கம் சில ராத்திரி வருகிறது, சில ராத்திரி இல்லை. மூன்று மாடி இறங்கி ரொட்டி வாங்கி வருகிறேன், எல்லா நாளும் இல்லை. சிரிக்கவில்லை. பேச வைக்கிற அம்மாள் நிறையக் கேட்கிறார், நான் கொஞ்சம் சொல்கிறேன். குணமாகிறதா என்று கேட்டால் தெரியாது.

நீ கேட்ட கேள்வி. ஆமாம் அக்கா, நினைத்தேன். பிப்ரவரியில் நினைத்தேன். உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினாயே, அந்த வாரம் அதிகமாக நினைத்தேன், நான் இல்லாவிட்டால் நீ நிம்மதியாகச் சாப்பிடுவாய் என்று. பழி சொல்வதற்காக எழுதவில்லை, நீ கேட்டாய். கண்டக்டரை எழுதிய நாட்களில் குறைந்திருந்தது. வேலைக்குப் போன பிறகு திரும்பி வந்தது. அந்தக் கதவுப் பக்கம் ஏன் திரும்பிப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்தேன் என்று டாக்டர் கேட்டார். பயமாக இருந்தது என்றேன். எதைப் பார்த்து என்று அவர் கேட்கவில்லை, புரிந்துகொண்டார்.

இப்போதும் வருகிறது. முன்னைப் போல் நாள் முழுக்க இல்லை. வந்தால் அறையில் தனியாக இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், எந்த நேரமானாலும், என்று சொல்லியிருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை வந்தது. போனேன். அந்த நர்ஸ்தான் இருந்தாள். அவளிடம் நேராகச் சொன்னேன், இப்போது அந்த நினைப்பு இருக்கிறது என்று. அவள் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் கொஞ்சம் தணிந்தது. வீட்டுக்கு வந்து படுத்தேன்.

இதைப் படித்துவிட்டு நீ அழுவாய். அழு. ஆனால் அடுத்த வாரமும் இதையே கேள்.

தம்பி